குளிரில் சுருங்கும் வளையம்

ரோஸ்மேரிக்கு உட்கார்ந்து வேலை பார்க்க வராது. எந்திரப் படம் வரைகிறவர்கள் சாய்வான பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே வரைய வேண்டியிருந்ததால் அந்தத் தொழில் அவளுக்குப் பொருந்திப்போயிற்று. திண்டுக்கல் பேகம்பூரில் முகமது பாரூக் நடத்திவந்த இரும்புப் பெட்டிப் பட்டறையின் மாடி அறைதான் அவளுடைய இடம். ஒரு கோடு போடுவாள். ஜன்னல்வரை போவாள். திரும்பி வந்து அதே கோட்டை அழிப்பாள். கீழே பட்டறையில் இருப்பவர்களுக்கு மேலே நடக்கிற காலடி கேட்டுக்கொண்டே இருக்கும். காலடி நின்றுவிட்டால்தான் லேத் ஓட்டும் டர்னர் காத்தமுத்து தலையை உயர்த்திப் பார்ப்பார்.

சாணார்பட்டிப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் அவள். மதுரையில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். கோயம்புத்தூரில் வேலை கிடைத்தும் போகவில்லை. சூசைமாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லிலேயே தங்கிவிட்டாள். சூசைமாணிக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பவன். அவசரமே தெரியாத மனிதன். குழாயில் தண்ணீர் வர ஒரு வாரம் ஆகும் என்றாலும் “வரும் பிள்ள, வராம எங்க போகும்” என்பான். அதைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சலாக வரும்.

மதுரையிலிருந்து பிரித்துத் திண்டுக்கல்லைத் தனி மாவட்டமாக்கிய வருஷம் அது. புதிய அரசு அலுவலகங்கள் வரும், எல்லாவற்றுக்கும் பீரோ வேண்டும் என்று பாரூக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஸ்ரீராம் வந்து சேர்ந்தார். கொடைக்கானல் மலைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம் சிறிய தொலைநோக்கி ஒன்றை வைத்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் வானியல்காரர் அவர். பெரிய கம்பெனிகள் ஒரு வருஷத்துக்குமேல் ஆகும் என்று சொல்லிவிட்டதால், இரும்பில் கனமான வேலை செய்யும் ஊர் எது என்று விசாரித்துக்கொண்டு இறங்கியிருந்தார்.

“வர்ற மார்ச் மாசம் வால்நட்சத்திரம் நல்லாத் தெரியும். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருதடவை வர்றது. அதோட வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சுப் படம் எடுக்கணும். அதுக்கு ஒரு கருவி வேணும்.”

நிறமாலைப் பதிவி என்று தமிழில் சொன்னார். பாரூக்குக்குப் புரியவில்லை. ரோஸ்மேரி அவரிடமிருந்து காகிதத்தை வாங்கிப் பலகையில் விரித்தாள். தொலைநோக்கி சேர்த்துக் கொடுக்கிற வெளிச்சம் மெல்லிய பிளவு ஒன்றின் வழியாகப் பெட்டிக்குள் நுழைகிறது. உள்ளே ஒரு வளைந்த கண்ணாடி அதை நேராக்கி அனுப்புகிறது. நுண்ணிய கோடுகள் கீறிய இன்னொரு கண்ணாடி அதை நிறங்களாகப் பிரிக்கிறது. கடைசியில் ஒரு பெரிய லென்ஸ் அந்த நிறங்களைப் படத்தகட்டில் குவிக்கிறது. கண்ணாடிகளும் லென்ஸும் ஸ்ரீராமிடம் இருந்தன. அவற்றைப் பிடித்து நிறுத்தும் உடம்புதான் இல்லை.

“பெட்டிதான? நாங்க செய்யாத பெட்டியா?” என்றார் பாரூக்.

ரோஸ்மேரி முதலில் வரைந்ததும் ஒரு பெட்டியைத்தான். தடித்த தகடு, மூலைகளில் பட்டை, முழுதும் வெல்டிங். ஸ்ரீராம் அடுத்த முறை வந்தபோது பெருமையோடு காட்டினாள்.

“மாடியிலருந்து கீழ போட்டாலும் வளையாது சார்.”

“நல்லாருக்கு. எவ்வளவு எடை வரும்?”

சொன்னாள். அவர் படத்தில் பெட்டியின்மேல் விரலை வைத்தார்.

“மேடம், இது தரையில உக்காரப் போறதில்ல. டெலஸ்கோப்போட வால்ல தொங்கப்போகுது. அந்த வால் இதுல பாதியைக்கூடத் தாங்காது. இன்னொண்ணு, டெலஸ்கோப் ஒரே இடத்துல நிக்காது. வால்நட்சத்திரம் நகர நகர அதுவும் சாயும். கூடவே உங்க பெட்டியும் சாயும். அப்ப பெட்டி துளி வளைஞ்சாலும் உள்ளே நிறக்கோடு இடம் மாறிடும். படம் கலங்கிடும்.”

“துளின்னா எம்புட்டு?”

“தலைமுடியில பத்துல ஒரு பங்கு.”

அன்றைக்கு ரோஸ்மேரி நடந்தே வீட்டுக்குப் போனாள். மெலிதாக இருக்க வேண்டும், வளையவும் கூடாது. ஒன்றைச் செய்தால் மற்றொன்று கெடுகிறது. சாப்பிடும்போது தட்டை ஒரு கையால் தூக்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெஞ்சனம் கொட்டுது பாரு” என்றான் சூசைமாணிக்கம்.

“இந்தத் தட்டு வளையுதுங்க.”

“நாலு வருசமா அதுலதான சாப்புடுறோம்? ஒண்ணும் ஆகல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

இரண்டாவது வடிவம் மெல்லிய தகட்டில் உள்பக்கம் குறுக்குப் பட்டிகள் வைத்தது. ஒரு மாதிரி உடம்பைச் செய்து, பழைய இரும்புப் பெட்டியின் கதவுக் கீலில் அதைப் பொருத்தி, எந்தப் பக்கமும் சாய்க்கிற மாதிரி ஒரு தாங்கியை அவளும் காத்தமுத்துவும் உருவாக்கினார்கள். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதே எடைக்கு ஒரு இரும்புத் துண்டு. அதன்மேல், நுண்ணிய அசைவையும் காட்டும் டயல் கேஜின் ஊசி. உடம்பைச் சாய்க்கச் சாய்க்க ஊசி நகர்ந்தது. நகர்ந்தது மட்டுமல்ல, திரும்ப நிமிர்த்தியபோது பழைய இடத்துக்கு வரவுமில்லை. வெல்டிங் சூட்டில் தகடு இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார் காத்தமுத்து. பட்டிகளை மாற்றினார்கள். மறுபடியும் நகர்ந்தது. மாதங்கள் அப்படியே போயின. பீரோ வாங்க வந்தவர்கள் முற்றத்தில் தலைகீழாகத் தொங்குகிற பெட்டியைப் பார்த்து “இது என்ன பாய், சாமானா, சித்திரவதையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பாரூக் ஒருநாள் மாடிக்கு வந்தார். “ரோஸம்மா, ஒண்ணு சொல்லவா? பீரோ ஆர்டரு கெடக்குது. இத விட்ருவோம். அந்தத் தம்பிகிட்ட நானே பேசிக்கிறேன்.”

“கிறிஸ்மஸ் வரைக்கும் குடுங்க பாய்.”

“உனக்குத் தூக்கம் இருக்கா? மூஞ்சியப் பாரு.”

“இத முடிச்சுட்டுத் தூங்குறேன்.”

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஸ்ரீராம்தான் வழியைத் திறந்துவிட்டார். பெரிய தொலைநோக்கிகளின் படங்கள் இருக்கிற புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் பெட்டியே இல்லை. குழாய்கள் முக்கோணம் முக்கோணமாக நின்று இரண்டு முனையையும் பிடித்திருந்தன. “வளையாம இருக்கறது முடியாத காரியம். இரண்டு முனையும் ஒரே அளவு வளைஞ்சா போதும். ஒண்ணுக்கொண்ணு நேராவே இருக்கும்ல?” என்றார்.

ரோஸ்மேரி அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். காலடி நின்றுபோனதால் காத்தமுத்து கீழேயிருந்து எட்டிப் பார்த்தார். அதுவரை வளைவை எதிரியாகவே நினைத்து அடித்துக்கொண்டிருந்தாள். வளைவையே இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே பழைய படங்களைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

குழாய்ச் சட்டம் ஜனவரியில் தாங்கியில் ஏறியது. ஊசி ஏறக்குறைய அசையவில்லை. வெளிச்சம் நுழையாமல் இருக்க மேலே மெல்லிய தகடு போர்த்தினார்கள். பிப்ரவரியில் ஸ்ரீராம் உண்மையான கண்ணாடிகளையும் லென்ஸையும் பஞ்சுப் பொதியில் வைத்து மடியிலேயே சுமந்து கொண்டுவந்தார். லென்ஸ் உட்காரும் அலுமினிய வளையத்தைப் பற்றிப் பேசும்போது, “லென்ஸைச் சுத்தி இவ்வளவு இடைவெளி விட்டுடுங்க” என்று ஓர் அளவு சொன்னார். அவள் அப்படியே வரைந்தாள். ஏன் அவ்வளவு என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இப்போது எல்லாம் சேர்ந்த பிறகு சோதித்துப் பார்த்தார்கள். பட்டறையின் கதவுகளை எல்லாம் மூடி இருட்டாக்கி, பிளவுக்கு முன் ஒரு விளக்கை வைத்து, படத்தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ரீராம் ஒரு நுண்ணோக்கியால் பார்த்தார். பிரகாசமான கோடு ஒன்று நின்றது. கருவியை மெல்லச் சாய்த்தார்கள். கோடு நின்றது. இன்னும் சாய்த்தார்கள். சட்டென்று குதித்தது.

“குதிக்குது.”

“எங்க சார்?”

“தெரியல. மெல்ல நகரல. ஒரே குதி.”

சட்டம் வளைந்தால் கோடு மெல்ல நகரும், குதிக்காது. ரோஸ்மேரிக்கு அது புரிந்தது. எதுவோ ஒன்று தளர்வாக இருக்கிறது. ஒவ்வொரு திருகாக முடுக்கினார்கள். பல நாள் தேடியபின் லென்ஸ்தான் என்று தெரிந்தது. வளையத்துக்குள் இருந்த இடைவெளியில் லென்ஸ் ஒரு சாய்வில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மறு சாய்வில் மறுபக்கமாக நழுவுகிறது. அப்போது மார்ச் பிறந்துவிட்டது. மலைக்குமேல் வால்நட்சத்திரம் வந்து நிற்கிறது என்று ஸ்ரீராம் சொன்னார். அவருடைய குரலிலும் இப்போது ரோஸ்மேரியின் அவசரம் ஏறியிருந்தது.

“புது வளையம் கடைஞ்சுருவோம் அண்ணே” என்றாள் காத்தமுத்துவிடம். “இறுக்கமா. கையால அமுக்குனாத்தான் உள்ள போகணும், தானா போகக் கூடாது.”

காத்தமுத்து வெயில் பொழுதில் லேத்தில் நின்று அப்படியே கடைந்து கொடுத்தார். லென்ஸ் எண்ணெய் தடவியதுபோல மெல்ல இறங்கி உட்கார்ந்தது. மறுபடி சாய்த்தார்கள். கோடு நின்றது. தலைகீழாகக் கவிழ்த்தார்கள். நின்றது. ஸ்ரீராம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு ரோஸ்மேரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாரூக் எல்லாருக்கும் பாலும் ஜிலேபியும் வாங்கிவரச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பல்கலைக்கழக ஜீப் வந்தது. போர்வைகளில் சுற்றிக் கருவியை ஏற்றினார்கள். ஸ்ரீராம் பின்னால் அதைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். “இன்னிக்குச் சாயங்காலமே மாட்டிடுவோம். வானம் நல்லாருந்தா விடியக்காலையில முதல் படம்” என்றார். ஜீப் தெருமுனையில் திரும்பும்வரை ரோஸ்மேரி பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்தது. மாடிக்குப் போனாள். பலகை காலியாக இருந்தது. அவளால் அங்கே இருக்க முடியவில்லை.

ஒரு வேலை பாக்கி இருந்தது. கருவியைக் கையாளும் முறையைத் தெளிவாக எழுதி அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். எழுத உட்கார்ந்தாள். ‘சமவெளியின் வெப்பத்தில் குவியம் சரிசெய்யப்பட்டுள்ளது. மலையின் குளிரில் சட்டம் சற்றுச் சுருங்கும். ஆகவே படத்தகட்டைப் பின்னால் நகர்த்த வேண்டும்.’ எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதற்கு அவள் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதை எழுதப் போனவள் அப்படியே பேனாவை வைத்தாள்.

நீளம் சுருங்கும் என்றால் துளையும்தானே சுருங்கும்.

அலுமினிய வளையம் குளிரில் சுருங்கும். கண்ணாடியும் சுருங்கும்தான், ஆனால் அவ்வளவு சுருங்காது. காத்தமுத்து வளையத்தைக் கடைந்தபோது பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே சட்டை உடம்போடு ஒட்டுகிற வெயில். மலைமேல் இரவில் கம்பளி இல்லாமல் நிற்க முடியாது. அவள் ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்த்தாள். கையால் அமுக்கி உள்ளே விட்ட இடத்தில் மிச்சம் எதுவும் இல்லை. மிச்சம் இல்லாதது மட்டுமல்ல, வளையம் லென்ஸைக் கவ்வும். நசுக்கும். ஸ்ரீராம் முதலில் சொன்ன இடைவெளி எதற்கு என்று இப்போது தெரிந்தது. அந்த லென்ஸ் உடைந்தால் இன்னொன்று கடல் தாண்டித்தான் வர வேண்டும். அதற்குள் வால்நட்சத்திரம் போய்விடும்.

படிகளில் இறங்கி ஓடினாள். பட்டறையில் யாரும் இல்லை. பாரூக் ஜும்மாவுக்குப் போயிருந்தார். காத்தமுத்து சாப்பிடப் போயிருந்தார். ரோஸ்மேரி தபால் ஆபீசுக்கு ஓடினாள். டிரங்க் கால் போட்டுவிட்டு நின்றாள், நடந்தாள், மறுபடி கண்ணாடித் தடுப்புக்குப் போனாள்.

“கெடச்சுதா சார்?”

“மலைக்கு லைன் இல்லம்மா. காலையிலருந்தே இல்ல. செத்த நேரம் இருங்க, பாப்போம்.”

இருக்க முடியவில்லை. பள்ளிவாசல் பக்கம் போனாள். தொழுகை முடிந்து வெளியே வந்த பாரூக், தெருவில் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் நிற்கிற அவளைப் பார்த்துப் பயந்துபோனார்.

“என்னம்மா? யாருக்கு என்ன?”

மூச்சு வாங்கச் சொன்னாள். அவருக்கு எல்லாம் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் கண்ணாடி உடையும் என்பது புரிந்தது.

“நீ பஸ்ஸப் பிடி. நான் லைன் கெடைக்குதான்னு போஸ்டாபீசுலயே உக்காந்து பாக்குறேன். சூசைக்கும் சொல்லி அனுப்புறேன். கையில என்ன இருக்கு? இந்தா, வச்சுக்க.” சட்டைப்பையில் இருந்ததை அப்படியே அவள் கையில் திணித்தார்.

தவக்கால வெள்ளி என்பதால் காலையில் கஞ்சி மட்டும்தான் குடித்திருந்தாள். பசி தெரியவில்லை. பஸ் செம்பட்டியில் நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போனார். ரோஸ்மேரி இறங்கி டீக்கடைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் கிளாஸை ஆற்றி ஆற்றிக் குடித்தார். வத்தலக்குண்டில் கூடை கூடையாகக் காய்கறி ஏறியது. கயிற்றைக் கட்டினார்கள், அவிழ்த்தார்கள், மறுபடி கட்டினார்கள். மலையடிவாரத்தில் பஸ் முனகத் தொடங்கியபோது அவளுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்.

“ஏம்மா, யாரும் சீக்கா கெடக்காகளா மேல?”

“ஆமாத்தா” என்றாள் ரோஸ்மேரி. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்தது. எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் குடத்தோடு ஊற்றுக்குப் போனார். ரோஸ்மேரி பஸ்ஸுக்கு முன்னால் மேலும் கீழும் நடந்தாள்.

“இந்தாம்மா, செத்த உக்காரு. நீ நடந்தா வண்டி ஆறிருமா?” என்றார் டிரைவர்.

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். காற்று மாறியிருந்தது. கீழே இருந்த வெக்கை போய், கையில் லேசாகச் சிலிர்ப்பு ஏறியது. மற்றவர்கள் சுகமாக முந்தானையையும் துண்டையும் விரித்துக் காற்று வாங்கினார்கள். அவளுக்கு மட்டும் அந்தக் குளிர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு முறுக்கு இறுக்குவதுபோல இருந்தது. வளையம் இப்போது எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று மனம் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தது.

இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கி, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஏறும் ஜல்லிப் பாதையில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனாள். சூரியன் மலைக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்தது. வெள்ளையடித்த வட்டக் கூரை தெரிந்தது. அது திறந்திருந்தது.

“சார்! மூடுங்க! கூரைய மூடுங்க!”

ஸ்ரீராம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். முதலில் அவருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை.

“மேடம்? நீங்க எப்படி… சாயங்காலமே திறந்து வைக்கறது வழக்கம். உள்ளே இருக்கற சூடு வெளியே போகணும்ல.”

“போகக் கூடாது சார். சூடு போகக் கூடாது.”

இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அவர் முகம் மாறியது. உடனே சக்கரத்தைச் சுற்றிக் கூரையை மூடினார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து கறுப்புக் கண்ணாடிபோல இருந்த இரண்டு தாள்களை எடுத்தார். கருவியின் பக்கத் தகட்டைக் கழற்றி, லென்ஸுக்குப் பின்னால் ஒரு தாளையும் விளக்கையும் அவளைப் பிடிக்கச் சொல்லி, முன்னால் மற்றொரு தாளை வைத்துத் திருப்பினார். அந்தத் தாள்கள் இரண்டையும் குறுக்காக வைத்தால் வெளிச்சம் வராது. நடுவில் இருக்கும் கண்ணாடி எங்காவது நெரிபட்டால் அந்த இடம் மட்டும் ஒளிரும் என்றார்.

லென்ஸ் இருட்டாக இருந்தது. அதன் விளிம்பில் மட்டும், கீழ்ப்பக்கமாக, வெளிறிய பூவிதழ்கள்போல வெளிச்சம் அரும்பியிருந்தது. இடப்பக்கம் ஒன்று. மேலே இன்னொன்று.

“நசுங்குது” என்றார் ஸ்ரீராம். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “இறுக்கமா இருந்தப்ப சந்தோஷத்துல எனக்கும் தோணல. எனக்குத் தோணியிருக்கணும்.”

“பெறகு பேசிக்குவோம் சார். இப்ப கழட்டணும்.”

கழற்ற முடியவில்லை. வளையம் லென்ஸைக் கவ்வியிருந்தது. தட்டினால் உடையும். சூடாக்கினால் வளையம் விரிந்து விட்டுக்கொடுக்கும், ஆனால் வேகமாகச் சூடாக்கினால் கண்ணாடி வெடிக்கும். கருவியைச் சுற்றி ஜீப்பில் வந்த போர்வைகளையே கூடாரம்போலக் கட்டினார்கள். உள்ளே முதலில் ஒரு பல்ப். அது கொஞ்சம் சூடேற்றிய பிறகு இன்னொன்று. ரோஸ்மேரி போர்வைக்குள் கையை விட்டு வளையத்தைத் தொட்டுப் பார்ப்பாள், எடுப்பாள், அறையைச் சுற்றுவாள், மறுபடி தொடுவாள். ஸ்ரீராம் கொடுத்த பன்னைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. வெந்நீர் தொட்டதுபோல வளையம் வெதுவெதுப்பானபோது தாள்களை வைத்து மறுபடி பார்த்தார்கள். வெளிச்ச இதழ்களில் இரண்டு மறைந்திருந்தன. மூன்றாவது மெலிந்திருந்தது.

“இப்ப” என்றாள்.

பஞ்சு சுற்றிய இரண்டு கைகளால் ஸ்ரீராம் லென்ஸை ஏந்த, அவள் வளையத்தைச் சுற்றிச் சுற்றி நூலளவு நூலளவாக இழுத்தாள். ஓரிடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். இருவரும் அசையாமல் நின்றார்கள். பிறகு லென்ஸ் வெளியே வந்துவிட்டது. விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அவ்வளவுதான். ரோஸ்மேரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஸ்ரீராம் பெயர்ந்த இடத்தில் இந்தியன் இங்க்கைத் தூரிகையால் தொட்டு வைத்தார். கறுப்பாக்கிவிட்டால் அந்த இடத்திலிருந்து வெளிச்சம் சிதறாது. மற்றபடி லென்ஸுக்குச் சேதமில்லை.

அன்று அவள் வாட்ச்மேன் வீட்டில் தங்கினாள். காலையில் முதல் பஸ்ஸில் சூசைமாணிக்கம் வந்து இறங்கினான், ஒரு கையில் அவளுடைய மாற்றுச்சேலை, மறு கையில் தூக்குவாளி. அவன் கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள்.

“உடஞ்சுருச்சா?”

“இல்ல.”

“அப்ப சாப்டு. புளிச்சோறு.”

வாளியில் இருந்ததைப் பாதிக்குமேல் தின்று தீர்த்தாள். பிறகு மலையிலேயே இருந்த சின்னப் பட்டறையில், பழைய லேத்தில், வளையத்தைத் தானே அகலமாகக் கடைந்தாள். அகலமாக்கினால் லென்ஸ் மறுபடி நழுவும், கோடு குதிக்கும். ஆகவே வளையத்தின் ஒருபக்கத்தில் இரண்டு நிலையான தாங்கிகளை வைத்து, எதிர்ப்பக்கம் வெண்கல ரிப்பனை வளைத்து ஒரு வில்லாக வைத்தாள். வில் லென்ஸை எப்போதும் மெல்ல அந்தத் தாங்கிகளோடு சேர்த்து வைத்திருக்கும். குளிரில் வளையம் சுருங்கினால் வில் அமுங்கிக் கொடுக்கும். வெயிலில் விரிந்தால் நீண்டு கொடுக்கும். ஸ்ரீராம் ஒவ்வோர் அளவையும் ஏன் என்று கேட்டார். அவளும் அவருடைய ஒவ்வோர் அளவையும் ஏன் என்று கேட்டாள். சில இடங்களில் இருவருக்குமே தெரியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சூசைமாணிக்கம் வெளியே வெயிலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

கருவி மறுபடி ஏறியது. இரண்டு விடியற்காலைகள் மேகத்தில் போயின. மூன்றாவது நாள் வானம் திறந்தது. விடிவதற்கு முன் ஸ்ரீராம் அவர்கள் இருவரையும் வெளியே கூப்பிட்டுத் தெற்கே காட்டினார். ரோஸ்மேரி தேடித் தேடிப் பார்த்தாள். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல்.

“அதுவா?”

“அதுதான்.”

“இம்புட்டுதானா?” என்றான் சூசைமாணிக்கம். ஸ்ரீராம் சிரித்துவிட்டு உள்ளே ஓடினார்.

வெயில் ஏறியபிறகு, கழுவிக் காயவைத்த படத்தகட்டை மேஜை விளக்கின்மேல் வைத்தார்கள். மங்கலாக நீண்ட பட்டை ஒன்று. அதன் குறுக்கே சில இடங்களில் அடர்த்தியான கோடுகள். வால்நட்சத்திரத்திலிருந்து கிளம்புகிற வாயுக்கள் தாமாக விடுகிற வெளிச்சம் அது என்று ஸ்ரீராம் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். ரோஸ்மேரி அந்தக் கோடுகளைப் பார்க்கவில்லை. பட்டைக்கு மேலும் கீழும், படமெடுக்கும் முன்னும் பின்னும் விளக்கால் பதித்த அடையாளக் கோடுகள் இருந்தன. கருவி வளைந்திருந்தால் அவை ஒன்றுக்கொன்று விலகியிருக்கும். ஸ்ரீராமிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“துளி விலகியிருக்கு சார்.”

“அது ஒண்ணுமில்ல. இந்த வேலைக்கு இந்தத் துல்லியமே அதிகம்.”

“ஆனா விலகியிருக்கு.”

 ஸ்ரீராம் அவளை வேறு மாதிரிப் பார்த்தார். ஏப்ரல் பாதிவரை அந்தக் கருவியால் கிடைத்த படங்கள் நல்லபடி அமைந்தன. மே மாதம் அவர் திண்டுக்கல்லுக்கு வந்தார், இந்த முறை பல்கலைக்கழகத்தின் ஒப்புதலோடு. மலையில் ஒரு கருவிப் பட்டறை தொடங்கப்போகிறார்கள். வடிவமைப்புக்கு ஆள் வேண்டும்.

பாரூக்குக்கு வருத்தம்தான். “பீரோவுக்கு வரைய ஆளு கெடைக்கும். உன்ன மாதிரி மேல நடக்கறதுக்கு யாரு கெடைப்பா?” என்றார். சூசைமாணிக்கத்தின் வீட்டார், கட்டிக்கொண்டு வந்த பெண் தனியாக மலையில் இருப்பதா என்று பேசினார்கள். மாமியார் நேரிலேயே வந்து கேட்டார்.  ரோஸ்மேரிக்கே முடிவு தெரியவில்லை. போகாமல் இருந்தால் அந்த விலகிய கோடு விடாது; போனால் இந்த வீடு விடாது. ஒரு வாரம் அவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் சூசைமாணிக்கம்தான் பேசினான்.

“நீ இங்கருந்தா என்னையும் நடக்க விட்ருவ. போ. வெள்ளிக்கிழம வந்துரு, திங்கக்கிழம போ. தோல் ஷாப்ப மலைக்குத் தூக்கிட்டு வர முடியாது, இல்லைனா நானும் வந்துருப்பேன்.”

“ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு சொல்லட்டும். தண்ணி வராததுக்கே பேசாத ஊரு.”

அந்த ஜூனிலிருந்து திங்கள்தோறும் விடியற்காலைப் பஸ்ஸில் ரோஸ்மேரி மலையேறினாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் இறங்கினாள். இரண்டாவது கருவிக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதில் அவள் செய்த தவறுகள் வேறு. அவற்றைத் திருத்திக்கொண்டிருந்தபோதே மூன்றாவதன் பேச்சு வந்துவிட்டது. இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக வருவாள். வத்தலக்குண்டு நெருங்கியதும் சமவெளியின் சூடான காற்று முகத்தில் அடிக்கும். மற்றவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். அவள் சூசைமாணிக்கத்திடம் சொல்ல வேண்டியதை ஒருபக்கமும், திங்கட்கிழமை காலையில் லேத்தில் ஏற்ற வேண்டியதை மறுபக்கமுமாக அடுக்கிக்கொண்டிருப்பாள். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடுவாள்.